சோடா விலை பற்றி எங்கள் கூல் பார் வாடிக்கையாளர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களே, வணக்கம்.

போன கிழமையிலிருந்து வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எங்கள் பிரிட்ஜில் ஒரே சோடா, ஒரே அளவு, இரண்டு போத்தல். ஒன்றில் அச்சிட்ட விலையைவிட மற்றதில் இருபது ரூபாய் கூட. "வரி வரி என்று சொல்லிக் கடைக்காரன் அடிக்கிற கொள்ளை" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். சீனி போட்ட பானங்களுக்கு அரசாங்கம் போடுகிற வரியைத்தான் சொல்கிறார்கள். படம் எங்கள் கடையில் எடுத்ததுதான். எழுதியிருப்பது பொய்.

ஒன்று பழைய ஸ்டொக், மற்றது புதிது. இரண்டிலும் விலையை அச்சிட்டது கம்பனி. பழையதைப் பழைய விலைக்கும் புதியதைப் புதிய விலைக்கும் விற்றோம். கூட்டி விற்க நினைப்பவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைப்பாரா? அச்சிட்ட விலைக்கு மேல், குளிரூட்டிய கூலி என்று ஐந்து ரூபாய்கூட இந்தக் கடையில் வாங்கியதில்லை. 2022இலும் 2023இலும் கரண்ட் பில் தலையைச் சுற்ற வைத்த நாட்களிலும் வாங்கவில்லை. ஏஜென்ட் தந்த பில்கள் எல்லாம் லாச்சியிலேயே இருக்கின்றன. படம் எடுத்த தம்பியோ தங்கச்சியோ, யாராக இருந்தாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம்.

சீனிப் பானத்துக்கான வரி எங்கள் கையில் வருவதே இல்லை. அதைக் கட்டுவது உற்பத்தி செய்கிறவர்கள். 2017 நவம்பரில் இலங்கையில் இந்த வரி வந்தபோது சீனி ஒரு கிராமுக்கு 50 சதம். 400 மில்லிலீற்றர் போத்தலில் 44 கிராம் சீனி இருந்தால் 22 ரூபாய் வரி. அடுத்த வருடமே வீதத்தைக் குறைத்தார்கள். எவ்வளவு வரி என்றாலும் அது அச்சிட்ட விலைக்குள்ளேயே அடங்கிவிடும், நாங்கள் தனியாகச் சேர்க்க ஒன்றுமில்லை.

வரியைத் திட்டி ஒரு வார்த்தை ஏன் சொல்வதில்லை என்று சில அண்ணாமார் கேட்டார்கள். சோடா விற்றுத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் இந்த வரி தேவை என்றே நினைக்கிறேன். 44 கிராம் என்றால் பதினொரு தேக்கரண்டி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டி அளவில், நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து வரிசையில் நின்றுவிட்டு, கிளினிக் கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெயில் தாங்காமல் இங்கே வந்து ஒரு சோடா கேட்கிறார்கள். அந்தக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே சீனி வருத்தம் என்று இருக்கும். சில போத்தல்களில் சிவப்பு வட்டமும் இருக்கும். 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2016இல் வந்த விதி அது. வட்டத்தை யாரும் பார்ப்பதில்லை, விலையை எல்லோரும் பார்க்கிறார்கள்.

ஏழைகளின் சோடாவில் கை வைப்பதா என்ற கேள்வியும் நியாயமானது. மெக்சிகோவில் 2014இல் லீற்றருக்கு ஒரு பெசோ வரி போட்டார்கள். முதல் வருடத்தில் விற்பனை ஏறக்குறைய 6 சதவீதம் குறைந்தது, வருமானம் குறைந்த வீடுகளில்தான் அதிகம் குறைந்தது. தென்னாபிரிக்காவில் 2018இல் சீனியின் கிராம் கணக்கில் வரி வந்ததும் கம்பனிகளே சீனியைக் குறைத்தன. கூலி வேலை செய்கிற ஒருவருக்குச் சீனி வருத்தம் வந்தால், கிளினிக் நாளில் அன்றைய சம்பளம் இல்லை. போத்தலில் கூடுகிற இருபது ரூபாயை மட்டும் பார்த்து அந்த நட்டத்தை மறக்க முடியாது. ஆனால் இந்த வரியால் சேரும் காசு இன்சுலினுக்கும் மருந்துக்கும் போகிறதா என்று அரசாங்கத்தைக் கேட்க வேண்டும், அதை நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

இவ்வளவு கதை பரவியும் நீங்கள் வருவதை நிறுத்தவில்லை. கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு வெள்ளிக்கிழமைகளில் வருகிற குடும்பங்கள், கிண்ணியாவிலிருந்து வந்து போகிற நானாமார், ரியூஷன் முடிந்து வருகிற பிள்ளைகள், "எங்களுக்குத் தெரியும், நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள்" என்று வாசலில் நின்று சொன்ன அக்கா, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த ஒரு வார்த்தை எங்களுக்கு எவ்வளவு பெரிது என்று சொல்லத் தெரியவில்லை.

இனிமேல் பழைய ஸ்டொக்கை மேல் தட்டிலும் புதியதைக் கீழ்த் தட்டிலும் வைக்கிறோம். எடுக்கும்போதே விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சீருடையில் வருகிற பிள்ளைகளுக்குச் சிவப்பு வட்டப் போத்தல் கொடுப்பதில்லை, பெற்றோர் கோபிக்க வேண்டாம். சீனி போடாமல் உப்புச் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீரும் மோரும் காலை பத்து மணியிலிருந்து இருக்கும். அவற்றின் விலை மாறவில்லை. சர்பத், பலூடா விலை முதலாம் திகதியிலிருந்து 30 ரூபாய் கூடும்.

அன்புடன்,
உரிமையாளரும் பணியாளர்களும்,
திருகோணமலை.