ஒரு மீட்டர் 82 சென்டிமீட்டர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வரும் சனிக்கிழமை அந்தச் சந்து வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டப்போவதாக நேற்று சாயந்திரம் நீ சொன்னதிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அம்மா பக்கத்தில் நின்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள், அதனால் போனில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பேரன் போட்ட சத்தத்தில் பாதிகூட உன் காதில் விழுந்திருக்காது. எழுதிவிட்டால் நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து நிதானமாகப் படிப்பீர்கள். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஜப்பானில் அந்த ஒகாயாமா ஊரிலேயே வீடு வாங்குவதில் எனக்கு வருத்தம் இல்லை. வாங்கினால் இவள் ஊருக்குத் திரும்ப மாட்டாள் என்று அப்பா நினைப்பார் என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். அப்படி நினைத்த காலம் உண்டு. சித்திரையில் அங்கே வந்து இரண்டு மாதம் இருந்து, காலையில் பேரன் தன் மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓடுவதைப் பார்த்த பிறகு அது போய்விட்டது. அவனுக்கு அதுதான் ஊர். வாங்குங்கள். ஆனால் அந்தச் சந்து வீட்டை வாங்காதீர்கள்.

34 வருடம் கும்பகோணத்தில் பத்திரம் எழுதியவன் நான். ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் மனை என்றால் முதலில் பாதையைப் பார், அப்புறம் எல்லையைப் பார், அப்புறம் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார், வீட்டைக் கடைசியில் பார் என்பதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை.

அன்றைக்கு நாம் பார்க்கப் போனபோது நான் பையிலிருந்து டேப்பை எடுத்ததும் நீ கொஞ்சம் கூச்சப்பட்டாய். தரகர் கம்பெனிப் பெண் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை, குனிந்து வணக்கம்தான் சொன்னாள். ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற வாயில், இந்தப் பக்கம் அடுத்த வீட்டின் சிமெண்ட் கல் சுவர், அந்தப் பக்கம் வாய்க்கால் விளிம்பு. ஒரு முனையை மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார். 1 மீட்டர் 82 சென்டிமீட்டர். சுவர் சாய்ந்திருக்குமோ என்று அடியிலும் அளந்தேன், இடுப்பு உயரத்திலும் அளந்தேன். அதே 82.

அந்த நாட்டுக் கட்டட விதிச் சட்டப்படி, குறைந்தது 4 மீட்டர் அகலமுள்ள ரோட்டை மனை 2 மீட்டர் அளவுக்காவது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடாவிட்டால் இப்போது நிற்கிற வீடு நிற்கலாம், ஆனால் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட அனுமதி கிடையாது. விவரத் தாளின் அடியில் பொடி எழுத்தில் ஐந்து எழுத்து இருந்ததே, 'சைகென்சிகு ஃபுகா', மறுபடி கட்ட முடியாது என்று நீயே படித்துச் சொன்னாய். குறைவது 18 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட முழுசாக வராது. அந்த ஒரு சாணுக்காகத்தான் விலை 48 லட்சம் யென்னாக இறங்கிக் கிடக்கிறது. நம் கணக்கில் 28 லட்சம் ரூபாய் சுமார். இந்தக் காசுக்குக் கும்பகோணத்தில் நல்ல தெருவில் வெறும் மனைகூடக் கிடைக்காது என்று மாப்பிள்ளை சொன்னார். வாஸ்தவம். ஆனால் இங்கே அந்தக் காசுக்கு வாங்குகிற மனையில் நாளைக்கு வீடு கட்டலாம்.

இடிக்கப்போவதில்லையே அப்பா, உள்ளே மட்டும் மாற்றிக்கொள்வோம் என்றாய். அதற்கும் இப்போது வழி குறுகிவிட்டது. 2025 ஏப்ரலிலிருந்து மாடி வைத்த மர வீட்டில் பெரிய அளவில் சுவர், கூரை, தூண் மாற்றுவதற்கும் முன்அனுமதி வேண்டும். ரோட்டைத் தொடாத மனைக்கு அந்த அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. சமையலறையை, குளியலறையைப் புதுசு பண்ணலாம். எலும்பைத் தொட முடியாது. அந்த வீட்டுக்கோ எலும்பில்தான் வேலை இருக்கிறது. அது 1978-இல் கட்டியது. 1981 ஜூன் 1-ஆம் தேதிக்குப் பிறகு அனுமதி வாங்கிய கட்டடங்களுக்குத்தான் புதிய நிலநடுக்க விதி. மர வீடுகளுக்கு 2000-இல் இன்னும் இறுக்கினார்கள். 2016 ஏப்ரலில் குமமோட்டோவில் 28 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை குலுங்கியபோது அதிகம் சரிந்தவை 1981-க்கு முந்தைய மர வீடுகள்தான்.

சமையலறைத் தரையில் ஊறுகாய் ஜாடி வைக்கிற மாதிரி ஒரு பெட்டி இருந்ததே, அதைத் தூக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈர வாடை முகத்தில் அடித்தது. உள்பக்கம் மூன்றாவது முட்டுக்கட்டையில், தரையிலிருந்து மேலே, பென்சில் பருமனில் ஒரு மண் கோடு ஏறியிருந்தது. விரலால் உதிர்த்தேன், உள்ளே காலியாக இருந்தது. கறையான் இப்போது இருக்கிறதா, போய்விட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஏறிய தடம் அது. நம் வீட்டு மச்சில் பார்த்ததுதான், உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது மாடியில் ஜன்னலைத் திறந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கூப்பிட மனசு வரவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும்.

இதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சுவர்க்கார வீட்டாரிடம் அந்த 18 சென்டிமீட்டர் துண்டை மட்டும் கிரயம் வாங்கிவிட்டால் மனைக்கு உயிர் வந்துவிடும். அதை யோசித்துத்தான் பதிவு அலுவலகத்துக்குப் போகலாம் என்று உன்னை இழுத்துக்கொண்டு போனேன். 600 யென் கட்டினால் யார் மனையாக இருந்தாலும் யாரும் பதிவு நகல் வாங்கலாம், ஒரு பகுதியில் உரிமையாளர், இன்னொன்றில் அடமானம். நம்ம வில்லங்கச் சான்றுக்கு அண்ணன் மாதிரி. எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று அசந்துபோனேன். ஆனால் சுவர்க்கார வீட்டின் நகலில் கடைசிப் பதிவு அவர்கள் ஆண்டுக் கணக்கில் ஷோவா 44, அதாவது 1969. அந்தப் பெயர்க்காரர் இன்று இருக்க வாய்ப்பில்லை. வீடும் பூட்டிக் கிடக்கிறது. வாரிசுகள் எத்தனை பேர், எந்த ஊரில் என்று யார் தேடுவது? இப்படிக் கிடப்பவை நாடு முழுக்கப் பெருகியதால்தான் 2024 ஏப்ரலிலிருந்து வாரிசுப் பதிவைக் கட்டாயமாக்கினார்கள். தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் பதிய வேண்டும், தவறினால் ஒரு லட்சம் யென் வரை அபராதம். அந்தத் துண்டுக்குக் கையெழுத்துப் போட ஆள் கிடைக்கும்வரை அது உங்களுக்கு ஆகாது.

எனக்கு உண்மையான பயம் இதுதான். டோக்கியோ மாதிரி இடத்தில் தப்பாக வாங்கினாலும் நஷ்டத்துக்காவது தள்ளிவிடலாம். ஒகாயாமா மாதிரி ஊர்களில் வாங்குவது சுலபம், கைவிடுவதுதான் கஷ்டம். 2023 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 90 லட்சம் வீடு காலி, நூற்றுக்குக் கிட்டத்தட்ட 14. வேண்டாத நிலத்தை அரசிடமே ஒப்படைக்கிற ஏற்பாடு 2023 ஏப்ரலில் வந்தது, ஆனால் அது வாரிசாக வந்த நிலத்துக்குத்தான். அதிலும் மேலே கட்டடம் இருக்கக் கூடாது, கையிலிருந்து பணமும் கட்ட வேண்டும். காசு கொடுத்து வாங்கியவருக்கு அந்தக் கதவு கிடையாது. ஜனவரி 1-ஆம் தேதி பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர் அந்த வருடத்து வரியைக் கட்ட வேண்டியதுதான், வீடு பூட்டிக் கிடந்தாலும். சந்து வீட்டுக்கு பேங்க் கடன் தர யோசித்ததே, நாளைக்கு உங்களிடம் வாங்க வருகிறவனுக்கும் அதே பேங்க் அதையேதான் சொல்லும். ரொக்கம் வைத்திருப்பவன்தான் வாங்க முடியும். கடைசியில் அது பேரன் தலையில் வந்து நிற்கும்.

இரண்டாவதாகப் பார்த்த வீட்டை ஏன் விட்டீர்கள்? 2003-இல் கட்டியது, முன்னால் 6 மீட்டர் ரோடு, 1 கோடியே 68 லட்சம் யென். நாலு மூலையிலும் எல்லைக் கல் இருந்தது. மூன்று கல் பார்வையிலேயே தெரிந்தது, நாலாவதைச் செடிக்குள் கை விட்டுப் பாசியைச் சுரண்டி நான் கண்டுபிடித்தேன், தலையில் சிவப்புக் கோடு. விலைதான் உங்களைப் பயமுறுத்துகிறது என்று புரிகிறது. ஆனால் போன வருடம் உங்களுக்கு நிரந்தர வசிப்பு அனுமதி வந்துவிட்டது. வெளிநாட்டுக்காரருக்கு நீண்டகால நிலைவட்டிக் கடனான 'ஃப்ளாட் 35' கிடைக்க அதுதானே நிபந்தனை. மாறும் வட்டிக்குப் போகாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். 2024 மார்ச்சில் அந்த நாட்டு மத்திய வங்கி மைனஸ் வட்டியை விட்டது, 2025 ஜனவரியில் அரை சதவீதத்துக்கு ஏற்றியது. இன்னும் 30 வருடத்துக்கு எங்கே போகும் என்று யார் கண்டது?

அந்த வீட்டிலும் எனக்கு ஒரு குறை உண்டு, தண்ணீர். ஊரின் தென்பக்கம் பெரும்பகுதி கொஜிமா வளைகுடாவைத் தூர்த்து எடுத்த பூமி. தெருவுக்குத் தெரு வாய்க்கால், பல இடத்தில் கம்பிகூட இல்லை. 2018 ஜூலை மழையில் பக்கத்து ஊரான குராஷிக்கியின் மாபி பகுதியில் ஆற்றுக்கரை உடைந்து 51 பேர் போனார்கள். வெள்ளம் நின்ற இடம், நகராட்சி முன்னாலேயே அச்சடித்துக் கொடுத்திருந்த வெள்ள வரைபடத்தோடு ஏறக்குறைய அப்படியே பொருந்தியது. ஜனங்கள் கையில் வரைபடம் இருந்தது அம்மா. 2020 ஆகஸ்டிலிருந்து ஒப்பந்தத்துக்கு முன்னால் தரகர் அந்த வரைபடத்தில் வீடு எங்கே இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். வெள்ள ஆழத்தை அதில் நிறத்தால் காட்டியிருப்பார்கள், வீடு எத்தனை மீட்டர் நிறத்தில் இருக்கிறது என்று கேள். அரை மீட்டருக்குள் என்றால் சமாளிக்கலாம். மூன்று மீட்டர் நிறம் என்றால் இதையும் விட்டுவிடு, வாடகையிலேயே இன்னும் ஒரு வருடம் இருங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பணம் பற்றி. தரகர் கூலி நூற்றுக்கு 3, அதோடு 60 ஆயிரம், அதன்மேல் 10 சதவீத வரி. 1 கோடியே 68 லட்சத்துக்கு 6 லட்சத்து 20 ஆயிரத்து 400 யென் ஆகிறது, அதுதான் உச்சவரம்பு. பதிவு வரி, முத்திரை, பதிவு எழுத்தருக்கான கூலி தனி. எல்லாம் முடிந்தது என்று இருக்கும்போது சில மாதம் கழித்து வீடு வாங்கியதற்கான வரிச் சீட்டு ஒன்று மாவட்ட அரசிடமிருந்து வரும், அதற்கு எடுத்து வையுங்கள். நீ வேண்டாம் என்றாலும் அம்மாவும் நானும் கொஞ்சம் அனுப்புகிறோம். உன் பெயருக்கு வைத்திருந்த செட்டிமண்டபம் மனையை விற்கலாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் ஒரே தடவையில் அனுப்ப மாட்டேன். ஆண்டுக்கு 11 லட்சம் யென்னுக்கு மேல் பரிசாக வந்தால் வாங்கியவருக்கு வரி, எனவே முதலில் அங்கே ஒரு வரிக் கணக்காளரைக் கேட்டுச் சொல்.

மாப்பிள்ளை தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கையில் இதையும் எழுதுகிறேன். பதிவில் உன் பெயரும் இருக்க வேண்டும். உன் சம்பளம் எவ்வளவு போகிறதோ அந்தப் பங்கு அளவுக்கு. அந்த ஊர் வழக்கமும் அதுதான், போட்ட பணத்துக்கும் எழுதிய பங்குக்கும் பொருந்தாவிட்டால் பரிசு வரி கேட்பார்கள். வரிக்காக மட்டும் நான் சொல்லவில்லை. நகையை விற்றுப் பணம் கொடுத்துவிட்டு, கிரயத்தில் தன் பெயர் இல்லாமல் என் மேஜைக்கு முன்னால் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பெண்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எழுதிக் கொடுத்தது என் கைதான். உன் விஷயத்தில் அது நடக்கக் கூடாது.

சனிக்கிழமை அட்வான்ஸ் கட்டாதே. அங்கே 'தெத்ஸுகே' என்கிற அந்த அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு மனசு மாறினால் அந்தப் பணத்தை விட்டுவிட வேண்டியதுதான். எந்த வீடானாலும், உரிமம் உள்ளவர் அட்டையைக் காட்டி வாசித்துச் சொல்கிற அந்த முக்கிய விவரப் பத்திரத்தை இரண்டு நாள் முன்னாலேயே கேட்டு வாங்கு. கடன் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து, அட்வான்ஸ் திரும்ப வரும் என்ற வரி அதில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார். பதிவு நகலையும் எனக்கு அனுப்பு. அளவும் வருடமும் எண்ணில்தானே இருக்கும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்புறம், வரும் வியாழக்கிழமை அங்கே நல்ல மழை என்று போனில் காட்டுகிறது. ஆபீஸ் விட்டதும் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இரண்டாவது வீட்டு வாசலுக்குப் போய் நில். பேரனை யாரிடமாவது விட்டுவிட்டுப் போ, வாய்க்கால் ஓரம் வழுக்கும். தண்ணீர் கரைக்கு எத்தனை விரற்கடை கீழே ஓடுகிறது என்று வீடியோவில் எனக்குக் காட்டு. அப்போது இங்கே மூன்று மணி, நான் திண்ணையில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா