ஊரடங்கில் எங்களோடு இருந்த அத்தைக்கு

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேரில் இந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "பெற்ற பிள்ளை வீட்டில் இருந்ததற்கு யாராவது நன்றி சொல்வார்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறீர்கள். அதனால் எழுத்தில் சொல்கிறேன். நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பயத்தைப் பற்றியே பேசுகிறார்கள். மற்றவர்கள் அந்தப் பேச்சே வேண்டாம் என்கிறார்கள். அந்த நாள்களில் பூட்டிய வீடுகளுக்குள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட நல்லவை எங்கும் பதிவாகவில்லை. நீங்கள் செய்தவற்றைக் கூடவே இருந்து பார்த்தவள் நான்.

பாப்பாவின் பிறந்தநாளுக்காக மார்ச் மாத நடுவில் ஒரு சின்னப் பையோடு மதுரைப் பக்கத்து மேலூரிலிருந்து சென்னையில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு என்றார்கள்; அன்றோடு பயணிகள் ரயில்கள் நின்றன. 24ஆம் தேதி மாலை தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு வந்தது, அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்ற அறிவிப்பும் வந்தது. அந்த 21 நாள், மே 3 என்றும், பிறகு மே 17 என்றும், மே 31 என்றும் நீண்டுகொண்டே போயிற்று. திருமணமான நாளிலிருந்து பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமே ஓரிரு நாள் சேர்ந்திருந்த நாம் இருவரும், ஒரே சமையலறையில் அத்தனை மாதங்கள் நின்றோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெருந்தொற்று நமக்கு நல்லது செய்தது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலைகளில் குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு வடக்கு நோக்கி நடந்துபோன தொழிலாளர்களைத் தொலைக்காட்சியில் பார்த்து, தட்டில் போட்ட சோற்றைச் சாப்பிட முடியாமல் நீங்கள் எழுந்துபோன இரவு எனக்கு நினைவிருக்கிறது. நம் வீட்டில் அரிசி இருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உங்கள் மகன் வேலை செய்த பட்டறை மூடிக்கிடந்து, ஏப்ரல் சம்பளம் பாதியாக வந்தபோதும், என் சம்பளம் நிற்கவில்லை. ரேஷன் கடையில் ஆயிரம் ரூபாயும் விலையில்லாமல் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தார்கள். நமக்கு வாய்த்த மகிழ்ச்சிக்கு அடியில் இந்தப் பாதுகாப்பு இருந்தது என்பதை மறந்துவிட்டு நன்றி சொல்வது நியாயமாகாது. ஆனால் பாதுகாப்பு இருந்த எல்லா வீடுகளிலும் மகிழ்ச்சி இருந்ததா? எங்கள் அடுக்ககத்திலேயே சண்டையும் அழுகையுமாகக் கழிந்த வீடுகள் இருந்தன. நம் வீடு அப்படி ஆகாமல் இருந்ததற்குக் காரணம் நீங்கள்.

அந்தக் கோடையில் நீங்கள் செய்த முதல் காரியம் கூழ் வற்றல் போட்டது. வெயில் வீணாகப் போகிறதே என்று சொல்லி, விடிவதற்கு முன்பே எழுந்து அரிசிமாவுக் கூழ் காய்ச்சி, ஜவ்வரிசியும் அரைத்த பச்சை மிளகாயும் பெருங்காயமும் சேர்த்து, உங்கள் மகனின் பழைய வேட்டியை நனைத்து மொட்டை மாடியில் விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றினீர்கள். காக்கை விரட்டும் வேலை பாப்பாவுக்கு. மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்புறம் தண்ணீர் தெளித்து, கிழியாமல் ஒவ்வொன்றாக உரித்தெடுப்பதை அவள் உங்களிடம்தான் கற்றாள். பாதி காய்ந்த வற்றலைத் தின்னக் கூடாது என்று நான் அதட்டியபோது, பாதி காய்ந்ததுதான் ருசி என்று சொல்லி அவள் கையில் இன்னும் இரண்டை வைத்தீர்கள். பிறகு மோர் மிளகாய் வந்தது, கொத்தவரை வற்றல் வந்தது. மே 5ஆம் தேதி கோயம்பேடு சந்தையை மூடி, திருமழிசையில் புதிய இடம் தொடங்கும்வரை சென்னையில் காய்கறிக்காக அல்லாடியபோது, நம் வீட்டில் வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமுமாகச் சாப்பாடு குறையில்லாமல் நடந்தது. விலை ஏறிய கவலையே எங்களைத் தொடாதபடி நீங்கள் முன்கூட்டியே வேலை செய்து வைத்திருந்தீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டு, குழந்தை தூங்கிய பிறகு வீடு திரும்புகிறவராகவே உங்கள் மகன் இருந்தார். பட்டறை மூடியதும் என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பேசியில் தொற்று எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒருநாள் காலையில் நீங்கள் அவர் கையில் எண்ணெய்க் கிண்ணத்தையும் சீப்பையும் கொடுத்து, பாப்பாவை அவர் முன்னால் உட்காரவைத்துவிட்டுப் போனீர்கள். மூன்று காலாகப் பிரித்துப் பின்னுவதை அவர் விரல்கள் பழக நாள்கள் ஆயின. அந்த நேரத்தில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதை நான் கணக்கு வேலை செய்துகொண்டே அடுத்த அறையிலிருந்து கேட்பேன்: பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு பேசமாட்டார்கள், நிலாவில் மழை பெய்யுமா, தாத்தா சின்ன வயதில் அப்பாவை அடித்தாரா. மே மாத இறுதியில் பட்டறையைக் குறைந்த ஆட்களோடு திறந்தபோது, வேலைக்குப் போகும் நாள்களில்கூட முக்கால் மணி நேரம் முன்னதாக எழுந்து அவள் தலையைப் பின்னிவிட்டுத்தான் கிளம்பினார். அப்பாவும் மகளும் இன்றைக்கும் ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைப்பதில்லை. அந்த ஒன்றுக்காக மட்டுமே உங்களுக்கு ஆயுள் முழுவதும் நன்றி சொல்வேன்.

தரையில் சாக்கட்டியால் பக்கத்துக்கு ஏழு வட்டம் வரைந்து, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடக் கற்றுக்கொடுத்தீர்கள். மொத்தம் எத்தனை கொட்டை என்று கேட்டபோது விரல்விட்டு எண்ணத் தொடங்கிய பாப்பா, சில வாரங்களில் எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே பசு (ஒரு குழியில் நான்கு கொட்டை சேர்வது) விழும் என்பதை மனத்துக்குள்ளேயே கணக்கிடும் அளவுக்கு வந்துவிட்டாள். தோற்றால் அழுகிற பிள்ளை, "அப்பத்தா, இன்னொரு ஆட்டம்" என்று கேட்கிற பிள்ளையானாள்.

மாமாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊரில் தனியாக இருந்தார். சித்தப்பா வீடு பக்கத்திலேயே இருந்தும், யாருக்கும் தொல்லை கொடுக்கக் கூடாது என்று அவர் தாமே சமைக்கத் தொடங்கினார். சாயங்காலம் ஆறு மணிக்கு அவருடைய அழைப்பு வரும். புளி எவ்வளவு ஊறவேண்டும், மிளகு முன்னாலா சீரகம் முன்னாலா என்று அவர் கேட்க, நீங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து பதில் சொல்வீர்கள். ரசத்தில் தொடங்கும் பேச்சு நிலத்துக்கும் மாட்டுக்கும் போகும், பிறகு நீங்கள் இருவரும் கல்யாணமான புதிதில் பார்த்த ஏதோ ஒரு திருவிழாவுக்குப் போகும். அத்தனை ஆண்டு ஒரே வீட்டில் இருந்தும் இவ்வளவு பேசியதில்லை என்று நீங்களே ஒருமுறை வியந்து சொன்னீர்கள்.

அந்த ஆண்டுச் சித்திரைத் திருவிழா உங்களுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை, மதுரைப் பக்கம் பிறந்தவர்கள்தாம் அறிவார்கள். மே 4ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. கைப்பேசியில் நேரலையை வைத்துவிட்டு, பட்டுச்சேலை கொண்டுவரவில்லையே என்று நீங்கள் தயங்கியபோது என் கல்யாணப் பட்டை எடுத்துக் கொடுத்தேன். திருப்பூட்டும் நேரத்தில் நாம் இருவரும் சேர்ந்து மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டோம். உங்கள் கழுத்தில் நான் குங்குமம் வைத்தேன், என் கழுத்தில் நீங்கள் வைத்தீர்கள். சித்திரா பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்கவில்லை. நீங்கள் வருத்தத்தைச் சொல்லிக்கொண்டிருக்காமல், ஒரு சொம்பில் நாட்டுச் சர்க்கரையை நிரப்பி, வாழை இலையால் மூடி, அதன்மேல் சூடம் ஏற்றி, மொட்டை மாடியில் தெற்கு நோக்கி நின்று கும்பிட்டீர்கள். கீழே இறங்கி வந்து அந்தச் சர்க்கரையை மாடியிலிருந்த எல்லா வீடுகளுக்கும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பினீர்கள். பெரிய கோயிலும் பெரிய கூட்டமும் தந்த நிறைவை ஒரு சொம்பைக்கொண்டு எட்டிவிட முடியும் என்று உங்களுக்கு இருந்த நம்பிக்கையை நான் இன்னும் வியக்கிறேன்.

ஜூன் மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தொற்று வந்து, தகரம் அடித்து வழியை மறைத்தார்கள். அந்த வீட்டுச் சன்னலைக்கூடப் பார்க்காமல் ஆட்கள் விலகிப்போனார்கள். நீங்கள் ரசச் சாதத்தையும் துவையலையும் வாழை இலையில் பொட்டலமாகக் கட்டி, பாத்திரத்தைத் திருப்பித் தரும் தொல்லை அவர்களுக்கும் வேண்டாம், பயம் நமக்கும் வேண்டாம் என்று சொல்லி, அவர்கள் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வரும்படி உங்கள் மகனிடம் கொடுத்தனுப்பினீர்கள். அவர்கள் குணமாகும்வரை அது நிற்கவில்லை. காலையில் குப்பை வாங்க வரும் அம்மாவுக்கு வாசல் முக்காலியில் மோர் வைத்ததும் அப்படித்தான். பாப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே மாதக் கடைசியில் உங்கள் அக்கா போய்விட்டார்கள். தொற்றால் அல்ல, வயதால்தான். ஆனால் அப்போது சென்னையிலும் மதுரையிலும் முழு ஊரடங்கு. இ-பாஸுக்கு விண்ணப்பித்தோம், கிடைக்கவில்லை. கைப்பேசித் திரையில் உங்கள் அக்காவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தீர்கள். அந்தக் கொடுமையை எந்த நல்ல நினைவோடும் சேர்த்துவைத்துச் சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, அன்று பகல் முழுவதும் சுவரோரம் உட்கார்ந்திருந்தீர்கள். அந்தி நேரத்தில் பாப்பா உங்கள் மடியில் வந்து படுத்து, "அப்பத்தா, உங்க அக்கா எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள். அக்காவும் நீங்களும் அழகர் மலைமேல் நூபுர கங்கையில் தீர்த்தமாடப் போனதையும், தூக்குவாளியில் கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைக் குரங்கு பறித்துக்கொண்டு ஓடியதையும், அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதைத் துரத்தியதையும் சொல்லத் தொடங்கினீர்கள். சொல்லும்போதே சிரித்துவிட்டீர்கள், பாப்பா சிரித்தாள், நானும் அழுதுகொண்டே சிரித்தேன். மறைந்த ஒருவரை ஒரு குழந்தைக்கு இவ்வளவு உயிரோடு அறிமுகப்படுத்த முடியும் என்று நான் அதுவரை கண்டதில்லை. உங்கள் அக்காவை நேரில் ஓரிருமுறையே பார்த்திருந்த என் மகள், அவரைச் சொந்தப் பாட்டியாகவே நினைத்துப் பேசுகிறாள்.

செப்டம்பர் 7ஆம் தேதி மாவட்டங்களுக்கு இடையே பேருந்தும் ரயிலும் ஓடத் தொடங்கியதும், மாமாவைப் பார்க்க ஊருக்குப் புறப்பட்டீர்கள். வற்றல் டப்பாக்களின்மேல் எதை எத்தனை நாள் வெயிலில் மறுபடி காயவைக்க வேண்டும் என்று பாப்பாவின் கையெழுத்தில் எழுதி ஒட்டவைத்துவிட்டுப் போனீர்கள்.

இப்போது வீடு மறுபடி ஓட்டமாகத்தான் ஓடுகிறது. பாப்பா உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டாள், தலையையும் தானே பின்னிக்கொள்கிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டை மூவரும் தரையில் உட்கார்ந்து சேர்ந்தே சாப்பிடுகிறோம். அந்த நேரத்தில் கைப்பேசி வேறு அறையில் இருக்கும். அது நீங்கள் போட்ட பழக்கம். சித்திரை பிறந்தால் வற்றல் போடுகிறோம். தெருவில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், என்ன செய்யலாம் என்று என் மகள்தான் முதலில் கேட்கிறாள். இவை எல்லாவற்றுக்கும் உங்களுக்கு நன்றி, அத்தை. எழுத்தில் சொல்லிவிட்டதால் இனி நீங்கள் எழுந்து போக முடியாது.

இந்த ஆண்டு அழகர் திருவிழாவுக்கு நாங்கள் மூவரும் மேலூருக்கு வருகிறோம். பாப்பா சர்க்கரைச் சொம்பு எடுக்க வேண்டும் என்கிறாள். நூபுர கங்கைக்கும் போக வேண்டுமாம். மலைமேல் வரை வண்டி போகும் என்பதால் உங்கள் முழங்கால் வலியைக் காரணம் காட்டாமல் நீங்களும் கூட வரவேண்டும். புளிச்சோற்றை நான் கட்டி எடுத்துவருகிறேன். முதல் நாள் சாப்பாட்டுக்கு ரசம் தாம்தான் வைக்கப்போவதாக மாமா தொலைபேசியில் சொல்லிவிட்டார். மிளகைச் சற்றுக் குறைத்துப் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்