24 டன் என்பது தாங்கும் எடை அன்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த தூண்டில் மீன்பிடிப்புக் கட்டுரையில், ஸ்பின்னிங் ராடை (செயற்கை இரையை எறிந்து இழுக்கும் தூண்டில் கோலை)த் தாமே கட்டிக்கொள்ள விரும்புவோர் கிராஃபைட் பிளாங்க் (நரம்பு ஓடும் வளையங்களும் கைப்பிடியும் பொருத்துமுன் உள்ள வெறும் கார்பன் இழைக் குழாய்) வாங்கும்போது கவனிக்க வேண்டியவை பற்றி ஒரு பத்தி இருந்தது. 24 டன் பிளாங்கைவிட 30 டன்னும், அதைவிட 40 டன்னும் அதிக எடை தாங்கும் என்றும், ஆகவே கையிலுள்ள பணத்துக்குக் கிடைப்பதில் பெரிய எண்ணையே வாங்க வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. இது உண்மைக்கு ஏறக்குறைய நேர்மாறானது என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன். திருவொற்றியூர்க் கரையில், தூண்டில் வளைவுப் பாறைகள்மீது நின்று, நானே கட்டிய கோல்களால் பல ஆண்டுகளாகப் பாறை மீனும் சீலா மீனும் பிடித்து வருகிறேன். (கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்களுக்கு அப்பெயரை வைத்தவர் எங்களை நினைத்து வைத்திருக்க மாட்டார், ஆனாலும் பெயர் பொருந்திவிட்டது.)

அந்த 'டன்' எடையைக் குறிப்பதன்று. கார்பன் இழையின் விறைப்பைக் குறிப்பது. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 24 டன் என்றால் சுமார் 235 ஜிகாபாஸ்கல். விறைப்பு கூடக்கூட இழை முறியுமுன் நீளக்கூடிய அளவு பொதுவாகக் குறைந்துகொண்டே போகும் என்பதைத்தான் கட்டுரையாளர் விட்டுவிட்டார். ஜப்பானின் டோரே நிறுவனம் தரும் அளவுகளின்படி, டி 700 என்ற இழையின் விறைப்பு 230 ஜிகாபாஸ்கல், அது அறுவதற்குமுன் 2.1 விழுக்காடு நீளும். எம் 40 ஜே என்ற இழைக்கு விறைப்பு 377, நீட்சியோ 1.2 விழுக்காடுதான். இழுவலிமையிலும் இரண்டாவது இழை முதலாவதைவிடச் சற்றுக் குறைவே. விறைப்பான இழையால் கிடைக்கும் ஆதாயம் வேறு: அதே வலுவுள்ள (வளைக்க அதே அளவு விசை கேட்கும்) பிளாங்கைக் குறைந்த இழையைக்கொண்டு உருட்டிவிடலாம் என்பதால் கோல் எடை குறையும், வளைந்த முனை சட்டென்று நிமிரும், லூரை (செயற்கை இரையை) மீன் முகர்ந்துவிட்டுப் போவதுகூடக் கைக்குத் தெரியும். ஆனால் இழை குறைந்தால் குழாயின் சுவரும் மெலியும். மெலிந்த சுவர் ஓர் அடியைத் தாங்காது.

தவிர, பிளாங்கின்மேல் அச்சிட்டிருக்கும் எண் முழுப் பிளாங்கையும் பற்றிப் பேசுவதன்று. பிசின் ஊட்டிய கார்பன் விரிப்பை வெட்டி, ஒருபக்கம் சிறுத்துப்போகும் எஃகுக் கம்பியின்மேல் சுற்றி, நாடாவால் இறுக்கி, அடுப்பில் சுட்டெடுப்பதே பிளாங்க். அதில் நாலு சுற்றுக்கு ஒரு சுற்று மட்டும் 40 டன் இழையாக இருந்தாலும் மேலே '40 டன்' என்று அச்சிடுவதைத் தடுப்பார் எவருமில்லை. 'ஐ.எம். 6', 'ஐ.எம். 7' என்பனவும் அப்படியே. அவை ஹெர்குலிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் இழைகளுக்கு இட்ட பெயர்கள். அத்தொழில் இன்று ஹெக்ஸெல் நிறுவனத்திடம் இருக்கிறது. கடைகளிலோ அவை ஏதோ அரசு முத்திரைபோலப் புழங்குகின்றன. வலுவைச் சொல்லும் 'மீடியம்', 'மீடியம் லைட்', முனைப்பக்கமே வளைவதைச் சொல்லும் 'ஃபாஸ்ட்' என்ற சொற்களுக்கும் எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது.

பின் எதைக்கொண்டுதான் ஒப்பிடுவது? அமெரிக்காவில் வில்லியம் ஹன்னமன் என்பவர் அந்நாட்டின் ஒரு சென்ட் நாணயங்களைக்கொண்டு ஒரு முறையை வகுத்தார். பிளாங்கின் அடிப்பாகத்தைக் கிடையாக அசையாமல் பிணைத்து, முனையில் ஒரு பையைத் தொங்கவிட்டு, பிளாங்க் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு முனை தாழும்வரை நாணயங்களைப் போட்டுக்கொண்டே வர வேண்டும். போட்ட நாணயங்களின் எடைதான் பிளாங்கின் வலு. அந்நிலையில் முனை கீழ்நோக்கிச் சாயும் கோணத்தைக்கொண்டு அது ஃபாஸ்ட்டா, மெதுவானதா என்று அறியலாம். 66 டிகிரிக்கு மேல் போனால் ஃபாஸ்ட். நான் சென்ட்டுக்குப் பதிலாக நம் 5 ரூபாய் நாணயத்தைப் பயன்படுத்துகிறேன். 2019-இல் அறிமுகமான புதிய வரிசைக்கு முந்தைய மஞ்சள் நிற நாணயம் ஒவ்வொன்றும் 6 கிராம். புதிய வரிசை நாணயம் அதைவிடக் கனமானது, பழைய தடித்த வெள்ளை நாணயம் 9 கிராம் என்பதால் அவற்றைக் கலந்துவிடக் கூடாது. நான் ஒருமுறை கலந்துவிட்டு அரை நாள் குழம்பினேன்.

சென்ற மாதம் இரண்டு பிளாங்குகளை மாடிப்படிக் கைப்பிடியில் பிணைத்து அளந்தேன். இரண்டும் 7 அடி. இரண்டும் 'மீடியம் லைட்'. ஒன்றில் 24 டன் என்றும் மற்றதில் 40 டன் என்றும் அச்சிட்டிருந்தது. பின்னதன் விலை முன்னதைப்போல் இரண்டரை மடங்கு. முனை 71 சென்டிமீட்டர் தாழ 24 டன்னுக்கு 54 நாணயங்களும் 40 டன்னுக்கு 56 நாணயங்களும் தேவைப்பட்டன. அதாவது வலுவில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை எனலாம். முனையின் சாய்வு முன்னதில் 64 டிகிரி, பின்னதில் 71. எடை முறையே 58 கிராமும் 45 கிராமும். ஆக, கொடுத்த கூடுதல் பணத்துக்குக் கிடைத்தது 13 கிராம் எடைக் குறைவும் சற்று வேகமான முனையும்தான். உப்பங்கழியில் படகில் அமர்ந்து, 5 கிராம் ஜிக்கை (ஈயத் தலை வைத்த செயற்கை இரையை) நாள் முழுக்க எறிந்து கொடுவாவுக்குக் காத்திருப்பவருக்கு அந்த 13 கிராம் பெரிது, கொடுக்கலாம். வளையங்கள், எபாக்ஸிப் பசை, ரீல் சீட் (நரம்புச் சுருளைப் பொருத்தும் இடம்) எல்லாம் ஏறியபின் அந்த வேகத்தில் ஒரு பகுதி போய்விடும் என்பதையும், வெறும் பிளாங்கைக் கடையில் ஆட்டிப் பார்த்து மயங்குவோர் நினைவில் கொள்வது நல்லது. முதுகெலும்பு என்று சொல்லப்படும் விறைப்பான பக்கத்தைத் தேடி அதில்தான் வளையம் கட்ட வேண்டும் என்று கட்டுரை வற்புறுத்துவதைப் பற்றி நான் வாதிடப் போவதில்லை. நான் பிளாங்க் நேராகத் தெரியும் பக்கத்தைப் பார்த்துக் கட்டுகிறேன், குறையொன்றும் கண்டதில்லை.

பாறைமேல் நிற்பவருக்குக் கணக்கு வேறு. இதற்குமுன் இணையத்தில் வாங்கிய ஒரு 40 டன் பிளாங்கில் நான் கட்டிய கோல் மூன்றாம் நாளே ஒடிந்தது. ஒடிந்த இடத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தபோது மிளகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது. முந்தைய வாரம் காற்றில் திரும்பி வந்த ஜிக்கின் ஈயத் தலை பட்ட இடம் அது. விற்றவரோ, "மீன் பெரிதாக இருந்திருக்கும்" என்று சொல்லி முடித்துக்கொண்டார். மீன் என்னவோ ஒரு கிலோவுக்கும் குறைந்த பாறைதான். ஆகவே பாறைக்கரையில் புதிதாகத் தொடங்குவோர் 24 டன் பிளாங்கில், 55 முதல் 60 கிராம் எடையுள்ளதாக, கூரியரில் பிழைத்து வர வேண்டும் என்பதால் இரண்டு துண்டாக வருவதையே வாங்கட்டும். விற்பவர்களும் டன் கணக்கை அச்சிடும் இடத்தில் பிளாங்கின் எடையையும் மேற்சொன்ன வளைவு எடையையும் அச்சிட்டால் வாங்குவோர் மாடிப்படியில் நாணயம் எண்ண வேண்டியிருக்காது. கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்ற எச்சரிக்கையும் கட்டுரையில் இல்லை. மின்கம்பிகள் தாழத் தொங்கும் மீன்பிடித் துறைகளில் 7 அடிக் கோலைத் தோளில் நிமிர்த்தி நடப்போர் அதை அறிந்திருக்க வேண்டும்.

கட்டுரை வெளிவந்த மறுவாரமே ஒரு கல்லூரி மாணவர் தம் புதுக் கோலால் ஒன்றரைக் கிலோ சீலாவைப் பாறையடியிலிருந்து செங்குத்தாகத் தூக்க முயன்றார். தூண்டில் நரம்பைக் கையால் பிடித்து மீனை ஏற்றச் சொன்னேன். "முப்பது டன் ஐயா, தாங்கும், பேப்பரிலேயே போட்டிருக்கிறது" என்றார். முனையிலிருந்து இரண்டாம் வளையத்தருகே ஒடிந்தது. திருத்தத்தை அதே ஞாயிறு இணைப்பில், அதே இடத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருவொற்றியூர்.