அப்புறம் பேசுகிறேன் என்றாயே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் போட்டால், "ரவுண்ட்ஸ்ல இருக்கேன்மா, அப்புறம் பேசுறேன்" என்கிறாய். அந்த அப்புறத்தைச் சொல்லி இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. கடிதத்தை உன்னால் பாதியில் கட் பண்ண முடியாதில்லையா, அதுதான்.

இங்கே ஒன்றும் விசேஷமில்லை. மோட்டார் ரிப்பேராகி, சரியும் பண்ணியாகிவிட்டது. தங்கச்சி வந்துவிட்டுப் போனாள். நீ எப்படி இருக்கிறாய்? தூங்குகிறாயா? நைட் டூட்டி முடிந்தால் நேராக வீட்டுக்குள் போய்ப் படு. உன் அப்பா மாதிரி, "கேஸ் டைரி எழுதிட்டு வரேன்" என்று ஸ்டேஷனிலேயே விடியவிடாதே.

நெடுஞ்சாலை வேன் விபத்தைப் பேப்பரில் பார்த்தேன். உன் ஸ்டேஷன் லிமிட்தான் என்று தெரிந்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. ஒரு 174, அதுதான் இயற்கைக்கு மாறான சாவுக் கேஸ், வந்தாலே அப்பா அன்றைக்குச் சாப்பிட மாட்டார். இப்போது அதற்கு நம்பரே வேறாமே, 194 என்கிறார்கள். 2024 ஜூலையில் சட்டம் மாறியபோது மனுஷன் இருந்திருந்தால் என்ன பாடு பட்டிருப்பார்! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கொலைக்கு 302, கொலை முயற்சிக்கு 307 என்று ஒப்பிப்பாரே, முப்பத்தெட்டு வருஷத்து மனப்பாடம் ஒரே ராத்திரியில் போயிருக்கும். நம்பர் மாறினால் என்ன, பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவது அதே வேலைதானே.

நீ அந்த வேலையை நன்றாகச் செய்வாய், எனக்குத் தெரியும். ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில் நீ எஸ்.ஐ. டிரெய்னிங் முடித்த பாசிங் அவுட் அன்றைக்கு, எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு எஸ்.ஐ.யான அப்பா விறைப்பாக நின்று உனக்கு சல்யூட் அடித்தாரே, அந்த போட்டோவைத்தான் தினமும் துடைக்கிறேன். 84இல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, பத்து வருஷத்தில் முதல் நிலை, அப்புறம் ஐந்து வருஷத்தில் ஏட்டு, அப்புறம் பத்து வருஷத்தில் எஸ்.எஸ்.ஐ. என்று மெல்ல ஏறின மனுஷன். பிள்ளை எடுத்ததும் தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு நின்றதைப் பார்த்துக் கை நடுங்கிவிட்டது. ஆனால் ஒன்று, அவர் எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் உங்கள் இரண்டு பேர் தலையையும் தொட்டுப் பார்க்காமல் படுத்ததில்லை. நீ பாப்பா தூங்கினபிறகு வந்து, எழுந்திருக்கும் முன்னால் போய்விடுகிறாயாம். யார் சொன்னது என்று கேட்காதே. உன் பெண்டாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் போய் விசாரணை நடத்தாதே.

காவலரிலிருந்து ஏட்டு வரைக்கும் வார ஓய்வு என்று 2021இல் அரசாணை வந்தபோது அப்பா சிரித்த சிரிப்பு ஞாபகம் இருக்கிறதா? "நான் ஏட்டைத் தாண்டின பிறகா?" என்றார். ரிட்டயர்மெண்ட் அன்றைக்கு மேடையில் ஓர் அதிகாரி, "நல்ல குடும்பஸ்தர், நல்ல போலீஸ்காரர், இரண்டும் ஒருத்தரிடம் அமைவது அபூர்வம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டும்போதே எனக்கு உறுத்தியது.

அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன் போல.

சுனாமி வந்ததே, 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலமே வண்டியில் ஏற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நீ ஆறாவது. பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பினார். கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை என்று ஊர்ப் பெயர் மட்டும் சொன்னார். பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு நேராகப் பின்பக்கம் போய்க் குளித்தார். காக்கிச் சட்டையை மூன்று தரம் துவைத்தேன், பிளீச்சிங் பவுடர் வாடை போகவில்லை. பட்டனுக்கு அடியில், தையலில் எல்லாம் மணல். ஊசியால் நெம்பி எடுத்தேன்.

அன்று ராத்திரி நீங்கள் படுத்தபிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "குழி வெட்டி வச்சிருந்தாங்க. அதுல ஒரு சின்னப் பிள்ளை, உன் மக வயசுதான் இருக்கும். மூடின கையைப் பிரிச்சா, உள்ளே..." என்று ஆரம்பித்தார். நான், "வேணாங்க. பிள்ளைங்க தூங்குது. அதையெல்லாம் வாசலோட விட்டுட்டு வாங்க" என்றேன். "சரி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் பெல்ட்டுக்கு பாலிஷ் போட உட்கார்ந்துவிட்டார். பித்தளை பக்கிளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் தூங்கிப்போனேன்.

அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் என்னோடு இருந்தார். ஸ்டேஷனில் நடந்தது ஒரு வார்த்தை வீட்டுக்குள் வந்ததில்லை. அதை நான் பெருமையாக வேறு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். ரிட்டயரான ஏழாம் மாதம் போய்விட்டார். அந்தப் பிள்ளை கையில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ராத்திரி முழிப்பு வந்தால் அதுதான். பொம்மையா, வளையலா, அம்மா புடவைத் துண்டா. கேட்க ஆளில்லை.

இதில் நான் செய்த இன்னொரு காரியம். உன் கல்யாணத்தன்று மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஸ்டேஷன் விஷயத்தை மட்டும் வீட்டுக்குள்ள விடாதேம்மா, குடும்பம் நல்லா இருக்கும்" என்று அதையே அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். பாவம், நல்ல பெண், சொன்னபடி நடக்கிறாள். நேற்று அவளிடம் நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். சரி, அதனால்தான் எனக்குத் தெரியும், போதுமா? அவளைக் கோபிக்காதே.

வண்டியை வாசலில் நிறுத்தி லைட்டை அணைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாயாம். ஜன்னல் திரைக்குப் பின்னால் அவளும் நின்றுகொண்டே இருக்கிறாளாம்.

டூட்டி முடிந்தால் நேராக வீட்டுக்குள் போ என்று மேலே எழுதினேன், அதை விடு. நான் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் புறப்பட்டு வருகிறேன். அழைத்துப்போக ஆள் அனுப்பாதே, ஆட்டோ பிடித்துக்கொள்வேன். காரில் உன் பக்கத்து சீட்டில் தொப்பி, லத்தி, ஃபைல் என்று எதையாவது போட்டு வைத்திருப்பாய். அதையெல்லாம் எடுத்துப் பின்னால் வை. ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் சரி, நான் முழித்திருப்பேன்.

அம்மா