பில்லில் ஏன் இரண்டு தேதி? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் நம் கடையில் பழைய அமெரிக்க ராணுவ பில்களை வாங்கியவர்களில் நான்கு பேர் ஒரே கேள்வியோடு போன் செய்தார்கள். ராணுவத்துக்கு மாவு கொடுத்த தேதி 1813. பணம் பெற்றுக்கொண்ட கையெழுத்து 1817. தாள் போலியா?

இல்லை. பணத்துக்காக ஒருவர் நான்கு வருஷம் காத்திருந்திருக்கிறார்.

தாளைத் திருப்பிப் பாருங்கள். நீளவாக்கில் மடித்த தடம் தெரியும். அந்த மடிப்பின் மேல் வெவ்வேறு கையெழுத்தில், வெவ்வேறு மையில் சின்னச் சின்னக் குறிப்புகள். பில் ஒவ்வொரு மேஜையாக நகர்ந்த அடையாளம் அது. போர்த்துறைக்கென்று 1792-ல் நியமித்த கணக்கர் முதலில் சரிபார்ப்பார். அப்புறம் கருவூலத்தில் தணிக்கையாளரும், அவருக்கு மேல் கணக்கை முடிவு செய்யும் அதிகாரியான கம்ப்ட்ரோலரும் மறுபடி பார்ப்பார்கள்.

சரி, பில் பாஸானாலும் கொடுக்கப் பணம் வேண்டுமே! 1812-ல் பிரிட்டனோடு போர் தொடங்கியதும் அமெரிக்க அரசு கடனை நம்பித்தான் செலவு செய்தது. அந்த ஜூன் 30-ல் 50 லட்சம் டாலருக்குக் கருவூலப் பத்திரம் வெளியிட அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் அனுமதித்தது. வட்டி 5.4 சதவீதம், அசல் திரும்பக் கிடைப்பது ஓராண்டு கழித்துத்தான். 1814 ஆகஸ்டில் வாஷிங்டன் எரிந்தது. நியூ இங்கிலாந்துக்கு வெளியே பெரும்பாலான வங்கிகள் நோட்டுக்கு ஈடாகத் தங்க, வெள்ளிக் காசு தருவதை நிறுத்தின. நவம்பரில் கருவூலத்தால் கடனுக்கு வட்டிகூடக் கட்ட முடியவில்லை. பணத்துக்குப் பதில் பத்திரத்தை வாங்கிக்கொண்ட வியாபாரி அதை வைத்து வண்டிக்கூலி கொடுக்க முடியுமா? முகமதிப்பைவிடக் குறைத்துத்தான் விற்க முடிந்தது. கடனுக்குச் சரக்கெடுத்து, வசூலுக்கு நடையாய் நடந்தவர்கள் நாங்களும். அதனால்தான் இந்தத் தாள்களைத் தேடித் தேடி வாங்குகிறோம்.

தீராத கணக்குகளைச் சீக்கிரம் முடிக்க 1817 மார்ச் 3-ல் தனிச் சட்டமே வந்தது. தணிக்கையாளர்கள் ஐந்து பேர், கம்ப்ட்ரோலர்கள் இரண்டு பேர் என்றானார்கள். உங்கள் பில்லின் இரண்டாவது தேதி அதற்குப் பிந்தியது.

1800-க்கு முந்தைய தாள் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 8-ல் போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்து ஆவணங்கள் அழிந்துபோயின. வியாபாரிகளின் வீட்டுப் பெட்டியில் தங்கிய நகல் கிடைத்தால் உடனே சொல்கிறோம்.

இன்னும் சந்தேகம் தீராதவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் தாளைத் திருப்பி அனுப்பலாம். பணம் முழுதாகத் தருவோம், தபால் செலவும் எங்களுடையது. வைத்துக்கொள்பவர்கள் தயவுசெய்து லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

அன்புடன்,
கடையார்