தலைப்பிலேயே ‘எலி’ என்று போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்களில் உள்ள ஆன்டி ஆக்ஸிடன்ட் (செல்கள் கெடாமல் காக்கும் சத்து) மதுவால் கெடும் கல்லீரலைக் காக்கும் என்று உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த செய்தியைப் பற்றி எழுதுகிறேன். தக்கலையில் பழச்சாறு கடை வைத்திருக்கிறேன். பார்க்கப்போனால் இந்தச் செய்தியால் எனக்கு லாபம்தான்.

அன்றைக்கு ஒரு சுமட்டுத் தொழிலாளி பேப்பரை மடித்துக் கொண்டுவந்து காட்டினார். “பாத்தீரா அண்ணாச்சி, ஈரலுக்கு ஒண்ணும் ஆவாதாம். ஒரு நெல்லிக்கா ஜூஸ் போடும்.” அப்போது மணி பதினொன்றரை. மதுக்கடை 12 மணிக்குத் திறக்கும்.

செய்தி பொய்யில்லை. பார்மசி படிக்கும் என் மகள் விளக்கிச் சொன்னாள். ஈரலில் மது உடையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சு உண்டாகிறது. கூடவே செல்களை அரிக்கும் ஃப்ரீ ராடிக்கல்களும். அவற்றைச் சமாளிக்க ஈரல் வைத்திருக்கும் குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருள் குடிக்கக் குடிக்கக் குறைந்துபோகிறது. நெல்லி, திராட்சைச் சத்துகளை மதுவோடு சேர்த்து எலிகளுக்கு ஊட்டிப் பார்த்ததில் சேதம் குறைந்ததும் உண்மை. ஆனால் அது செறிவாக்கிய சத்து, எலியின் எடைக்குத் தக்கபடி அளந்து கொடுத்தது. என் கடை டம்ளரில் பாதி தண்ணீர், அதற்குமேல் மூன்று கரண்டி சீனி. அந்தச் சீனியும் மிஞ்சினால் ஈரலில் கொழுப்பாகத்தான் போய்ச் சேரும்.

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். மதுவால் ஈரல் கடுமையாக வீங்கிய நோயாளிகளில் ஒரு சாராருக்கு ஆன்டி ஆக்ஸிடன்ட் மருந்துக் கலவை, இன்னொரு சாராருக்கு வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து. 2006-இல் வெளியான அந்த ஆய்வில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஆன்டி ஆக்ஸிடன்ட் பக்கத்தில்தான் அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப்பக்கம் வீட்டு முற்றங்களில் காய்த்துக் குலுங்கும் புளிப்பான பிலிம்பிக்காயைக் கொழுப்புக் கரைக்கும் என்று பச்சையாக அரைத்துக் குடிக்கிறார்கள். மீன் குழம்பில் நாலைந்து போடுவது வேறு, டம்ளர் கணக்கில் குடிப்பது வேறு. அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு சிறுநீரகத்தில் படிந்து, கேரளத்தில் 10 பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை 2013-இல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஈரல் கெட்டவருக்குச் சிறுநீரகமும் சீக்கிரம் தளரும். என் கடையில் யார் கேட்டாலும் அதை அடித்துக் கொடுப்பதில்லை. அதற்காகக் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

ஈரலில் கொழுப்பு படியும் முதல் கட்டம் குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே சரியாகிவிடும். அந்தச் செய்தியில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் திடீரென்று தானாக நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்பதையும் எழுதியிருக்கலாம்.

அடுத்தமுறை இப்படிச் செய்தி போட்டால் ‘எலிகளிடம்’ என்ற சொல்லைத் தலைப்பிலேயே சேர்த்துவிடுங்கள். கடைசிப் பத்திவரை படிக்கிறவர்கள் பதினொன்றரை மணிக்கு என் கடைக்கு வருவதில்லை.

பழச்சாறு கடைக்காரர்,
தக்கலை