என் காதை நம்பியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிளிலிருந்து விழுந்து, காதைச் சூழ்ந்த பொட்டெலும்பு முறிந்ததும், வலப்பக்க முகம் அசைவற்றுப் போனதும் நீங்கள் அறிந்ததே. முகத்தைப் பார்த்து இரங்கிய அனைவருக்கும் நன்றி. ஆனால் கோணிய வாய் கண்ணுக்குத் தெரியும். காதுக்குள் நடப்பது தெரியாது. அதை நம்பியவர்களுக்கே இந்த மடல்.

முகநரம்பு பொட்டெலும்புக்குள் குறுகிய குழாய் வழியே வருகிறது. வழியில், காதிலுள்ள அங்கவடி எலும்பைப் பிடித்திழுக்கும் ஸ்டேபீடியஸ் தசைக்கும் ஒரு கிளை விடுகிறது. பெருஞ்சத்தத்தில் இறுகி ஓசையைத் தணிக்கும் தசை அது. அது செயலிழந்ததால் கரண்டி விழுந்தாலே தலைக்குள் இடித்தது. முகம் தேறத் தொடங்கியபோது வேறொரு தொல்லை: கண்ணை இறுக மூடினாலோ சிரித்தாலோ வலக்காதில் உறுமல், எதிரில் இருப்பவர் பேச்சும் மங்கிவிடும். முதலில் காட்டிய இடத்தில் மனஅழுத்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்படி அனுப்பாத செவித்திறன் நிபுணருக்கு முதல் நன்றி. செவிப்பறையின் அசைவை அளக்கும் கருவியைக் காதில் பொருத்தி, கண்ணை இறுக மூடச் சொன்னார். மூடும்போதெல்லாம் திரையில் கோடு நகர்ந்தது. முகத்துக்கென மீண்டும் வளரும் நரம்பிழைகள் சில வழிமாறிக் காதின் தசையைச் சேர்ந்திருக்கின்றன என்று மருத்துவர் விளக்கினார். கோடு நகர்ந்ததைப் பார்த்து நான் அழுதேன். அதற்கும் காது உறுமியது!

கண்ணாடி முன் மெல்ல மெல்ல, சிறிய அசைவுகளை மட்டும் பழக்கிய இயன்முறை சிகிச்சையாளருக்கு நன்றி. சூயிங்கம் மெல்லச் சொன்ன தஞ்சாவூர்ச் சித்தப்பா கோபிக்க வேண்டாம்: மெல்லும் தசைகள் வேறொரு நரம்பின் பொறுப்பு. அதோடு 1992 முதல் சூயிங்கம் விற்பனைக்குத் தடையுள்ள சிங்கப்பூரில் நான் அதற்கு எங்கே போவேன்?

இரவுதோறும் மூடாத கண்ணில் களிம்பிட்டுப் பிளாஸ்திரி ஒட்டிய அக்கா, நாற்காலிக் கால்களில் டென்னிஸ் பந்து செருகிய துணைப்பாட மாணவர்கள், மகள் திருமணத்தில் கொம்பாங் என்னும் மலாய் மேளம் முழங்கும் நேரத்தை முன்கூட்டியே சொல்லி, அது ஓய்ந்தபின் பிரியாணிக்கு அழைத்த மூன்றாம் மாடி மாச்சிக் (மலாய் அம்மா) ஆகியோருக்கு என்ன கைம்மாறு செய்வேன்!

உறுமல் குறைந்திருக்கிறது, போகவில்லை. தேவைப்பட்டால் அந்தத் தசைநாணை வெட்டிவிடும் சிகிச்சை உண்டாம். இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கிறேன். சனிக்கிழமை வகுப்புகள் அடுத்த மாதம் தொடங்கும். பேச வருபவர்கள் என் இடப்பக்கம் உட்காருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் தமிழாசிரியை